488 லேசர் மட்டும் காலையில் பிரகாசம், மதியம் மங்கல்: எங்கிருந்து தேடுவது?

செல்சுவர்:
வணக்கம். எங்கள் ஆய்வகத்து கான்ஃபோகல் நுண்ணோக்கி இரண்டு வாரமாகப் பாடாய்ப் படுத்துகிறது. ஆர்கான் லேசரின் 488 நானோமீட்டரில், பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதம் உள்ள செல்களைப் படமெடுக்கிறேன். முன்பெல்லாம் லேசர் பலத்தை 2 சதவீதம் வைத்தாலே போதும், இப்போது 15 வைத்தாலும் படம் மங்கல்தான். அதைவிட மோசம், இரவு முழுக்க டைம்லாப்ஸ் ஓடவிட்டால் பிரகாசம் ஏறுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. 561, 640 இரண்டும் தனித்தனி லேசர்கள், அவற்றில் எந்தக் குறையும் இல்லை. சாம்பிள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை புதிதாகத் தயார் செய்துவிட்டேன், அந்த உழைப்பெல்லாம் வீண். பின்ஹோல் (குவியத்துக்கு வெளியே இருந்து வரும் ஒளியைத் தடுக்கும் சிறு துளை), கெயின் (டிடெக்டரின் உணர்திறன்) எதையும் மாற்றவில்லை. லேசர் பெட்டியைத் திறந்து, ஒளியை ஃபைபருக்குள் (ஒளியிழைக்குள்) செலுத்தும் கப்ளரின் திருகுகளை லேசாகத் திருகிப் பார் என்கிறார் கூட வேலை செய்பவர். செய்யலாமா?

பின்ஹோல்:
தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கற்றை கண்ணைக் கெடுக்கும் அளவுக்கு வலுவானது. அதோடு, அந்தத் திருகுகளை அரைச் சுற்று தவறாகத் திருப்பினால் ஃபைபருக்குள் ஒளியே போகாது, பிறகு அதைத் தேடிப் பிடிக்க ஒரு நாள் ஆகும்.

குறை லேசர் பக்கமா, படம் பிடிக்கும் பக்கமா என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். மேடையில் வெறும் கண்ணாடி ஸ்லைடு வைத்து, 488-ஐ மட்டும் போட்டு, ஊடுருவும் ஒளிக்கான டிடெக்டரில் நிமிடத்துக்கு ஒரு படமாக ஒரு மணி நேரம் எடுங்கள். அந்த ஒளி பின்ஹோல் வழியாகவும் போகாது, ஃப்ளூரசன்ஸ் ஃபில்டர் வழியாகவும் போகாது. அப்படியும் ஏறி இறங்கினால் சாம்பிள் மேல் பழியில்லை.

அப்புறம் பவர் மீட்டர். 10எக்ஸ் உலர் ஆப்ஜெக்டிவில் (எண்ணெய் இடாமல் பயன்படுத்தும் லென்ஸில்) அளந்து பாருங்கள். எண்ணெய் ஆப்ஜெக்டிவ் வேண்டாம், சென்சார் முன்னால் காற்று இருக்கும்போது அகலக் கோணத்தில் வரும் ஒளியில் நிறையப் பகுதி வெளியே வராது, எண் குறைவாகத்தான் காட்டும். மீட்டரில் அலைநீளத்தை 488 என்று வைக்க மறக்காதீர்கள். ஸ்கேன் ஓடும்போது அளக்காதீர்கள், கற்றையை ஒரே புள்ளியில் நிறுத்துங்கள், ஏனென்றால் வரி முடிந்து திரும்பும்போது கருவியே லேசரை அணைத்துவிடும், சராசரி குறைந்துபோகும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் எழுதி வையுங்கள்.

செல்சுவர்:
பெட்டியைத் தொடவில்லை. வெறும் ஸ்லைடிலும் அதே ஏற்ற இறக்கம்! மீட்டரில் 100 சதவீதத்துக்குக் காலை 9 மணிக்கு 0.42 மில்லிவாட், மதியம் 2 மணிக்கு 0.15, மாலை 0.31. அதே நேரங்களில் 561 அசையவே இல்லை. லேசர் குழாய்க்கு வயதாகிவிட்டதோ?

அலைநீளம்:
குழாய் தேய்ந்தால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும், மதியம் விழுந்து மாலையில் எழாது. அதனால் அது முதல் சந்தேகம் இல்லை, ஆனாலும் விலக்கிவிடவும் முடியாது. ஆர்கானில் 458, 476, 488, 514 எல்லாம் ஒரே குழாயிலிருந்து வருகின்றன. 514-ஐயும் அதேபோல அளந்து பாருங்கள். 488 மட்டும் விழுந்தால், அலைநீளத்தைத் தேர்ந்து அதன் பலத்தைக் கட்டுப்படுத்தும் ஏஓடிஎஃப் பக்கம் பார்க்க வேண்டும், எல்லாம் சேர்ந்து விழுந்தால் குழாய் அல்லது ஃபைபர் கப்ளிங். குழாய் கிழடானால் பலவீனமான 458 முதலில் படுத்துவிடும், அதுவும் ஒரு அடையாளம்.

உங்கள் எண்களைப் பார்த்தால் எனக்கு அறை வெப்பநிலைதான் தோன்றுகிறது. ஒற்றை மோட் ஃபைபரின் மையம் மூன்று நான்கு மைக்ரான்தான், அதற்குள் கற்றை போய் விழ வேண்டும். கப்ளரின் உலோகம் கொஞ்சம் விரிந்தாலே போதும், பாதி ஒளி வெளியே போய்விடும். ஏசி காற்று எங்கே விழுகிறது? லேசரின் விசிறிக் காற்று எங்கே போகிறது? ஒன்று கேட்க வேண்டும், காலையில் போட்டவுடன் அளக்கிறீர்களா? ஆர்கானை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது சூடாக விட்டுவிட்டு அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

செல்சுவர்:
இப்போதுதான் கண்ணில் பட்டது. ஏசியின் வாய் நேராக ஃபைபர் தொடங்கும் இடத்துக்கு மேலே. ஒரு தாள் துண்டைக் கப்ளர் அருகே பிடித்தேன், கம்ப்ரசர் ஓடும்போது தாள் படபடவென்று அடிக்கிறது, நின்றதும் அப்படியே தொங்கிவிடுகிறது. 514-உம் சேர்ந்துதான் விழுகிறது. 458-உம் அதே விகிதத்தில்தான். காற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டு, ஒரு மணி நேரம் சூடான பிறகு நாள் முழுக்க அளந்தேன், 0.22-இலேயே நிற்கிறது. ஆட்டம் போய்விட்டது, ஆனால் பலம் திரும்பவில்லை.

பின்ஹோல்:
நல்ல கண்டுபிடிப்பு. மீதி சர்வீஸ் இன்ஜினியர் வேலை. ஃபைபருக்கு முன்னும் பின்னும் அளக்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு எண்களும் இல்லாமல் குழாயை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபைபர் முனையில் தூசி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அளவுகள் எல்லாவற்றையும் நேரத்தோடு அனுப்பிவையுங்கள், இல்லையென்றால் அவர் வரும் அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

செல்சுவர்:
இன்ஜினியர் வந்து போனார். ஃபைபருக்கு முன்னால் பலம் அப்படியே இருந்தது, பின்னால்தான் மிகவும் குறைவு. முனையில் தூசி. துடைத்து, கப்ளிங்கைச் சரிசெய்தார், குழாயை மாற்றவில்லை. இப்போது 10எக்ஸில் 0.78 மில்லிவாட். நேற்று இரவு 12 மணி நேர டைம்லாப்ஸ் பழையபடி 2 சதவீதத்திலேயே ஓடியது, முதல் படமும் கடைசிப் படமும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி. மீட்டரை ஆப்ஜெக்டிவ் டப்பா பக்கத்திலேயே வைத்துவிட்டேன், திங்கட்கிழமைதோறும் அளந்து நோட்டில் எழுதப் போகிறேன்.