மிஸ் பேட்ஸ் பேசும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன் என்றாலே எல்லோரும் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாயகன் டார்சியில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அவர் எழுத்தின் சூட்சுமம் பிடிபட்டது 'எம்மா' நாவலில், அதுவும் அந்த ஊரில் யாருமே காது கொடுக்காத மிஸ் பேட்ஸால்.

சின்ன ஊரில், வயதான தாயோடு மாடியில் குடியிருக்கும், கல்யாணமாகாத, கையில் காசில்லாத பெண்மணி அவர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இந்த நாவலை ஆளுக்குக் கொஞ்சமாகச் சத்தம் போட்டு வாசித்தோம். மிஸ் பேட்ஸின் பேச்சு யார் பங்கில் வந்து விழுந்தாலும் ஒரு பெருமூச்சு கேட்கும். வேகவைத்த ஆப்பிள், அம்மாவின் மூக்குக் கண்ணாடி, தங்கை மகள் ஜேன் ஃபேர்ஃபாக்ஸின் கடிதம் என்று பக்கம் பக்கமாகப் போகும். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர், "இந்த அம்மாவைத் தாண்டிப் போயிடலாமே" என்றே கேட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாவல் 1815 டிசம்பரில் வெளிவந்தது. சில மாதங்களில் பெயர் போடாமல் மதிப்புரை எழுதிய நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்கும் இதே குறைதான்: இப்படிப்பட்டவர்களின் வளவளப்பு நேரில் சலிப்பதுபோலக் கதையிலும் சலித்துவிடும் என்றார்.

ஆனால் அந்தக் கண்ணாடி விஷயத்தைக் கவனியுங்கள். (முடிச்சை அவிழ்க்கப் போகிறேன். 200 வருஷம் ஆகிவிட்டது, தப்பில்லை.) ஊருக்கு வந்திருக்கும் இளைஞன் ஃபிராங்க் சர்ச்சிலுக்கும் இந்த ஜேனுக்கும் ரகசியமாக நிச்சயமாகியிருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஜேனின் பாட்டியின், அதாவது தன் அம்மாவின், கண்ணாடியில் ஆணி கழன்றுவிட்டதாக மிஸ் பேட்ஸ் கடையில் நின்று கதை கதையாகச் சொல்கிறார். ஃபிராங்க் தானே சரிசெய்து தருவதாகச் சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். அதாவது, அறையில் இருப்பது இரண்டு காதலர்களும், கண்ணாடி இல்லாத, காதும் கொஞ்சம் மந்தமான ஒரு பாட்டியும்! அப்புறம் மிஸ் பேட்ஸ் நாவலின் நாயகி எம்மாவையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறுகிறார். பார்த்து வாங்க, திருப்பத்தில் ஒரு படி இருக்கிறது, இருட்டு என்று வழி நெடுகப் பேச்சு. மேலே இருப்பவர்கள் சுதாரித்துக்கொள்ள அந்தக் குரலே போதும் என்பது என் கணக்கு.

உள்ளே போனால் பாட்டி கணப்புக்குப் பக்கத்தில் தூங்குகிறார். ஃபிராங்க் கண்ணாடியில் மும்முரம். ஜேன் முதுகைக் காட்டிக்கொண்டு பியானோவில் ஆழ்ந்திருக்கிறாள். "இன்னுமா முடியவில்லை? இந்த வேகத்தில் வேலை செய்தால் பிழைத்த மாதிரிதான்" என்று ஃபிராங்கின் மாற்றாந்தாய் மிஸஸ் வெஸ்டன் கேலி செய்கிறார். பியானோ ஆடியது, காலுக்குக் காகிதம் மடித்து வைத்துக்கொண்டிருந்தோம் என்கிறான் அவன். ஜேனால் உடனே வாசிக்க முடியவில்லை. பியானோ புதிது, அதனால் படபடப்பு என்று எம்மா அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறாள். ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. எம்மாவின் கண் வழியாகவே காட்டுவதால், அவள் முடிவை நாமும் ஒத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம்.

மூன்றாம் பாகத்தில் குட்டு உடைந்த அன்று, தாண்டிப் போகலாம் என்ற அதே சார்தான் முதலில் பின்பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார்.

* * *

மிஸ் பேட்ஸ் பற்றி நல்லாச் சொன்னீர்கள். எனக்கு பெர்ரியின் வண்டிதான் பிடித்த இடம். மருத்துவர் பெர்ரி சொந்த வண்டி வாங்கப்போவதாகக் கேள்விப்பட்டேனே என்று ஃபிராங்க் வாய் தவறிக் கேட்டுவிடுகிறான். மிஸஸ் வெஸ்டன் கடிதத்தில் எழுதினார் என்கிறான், அவர் நான் எழுதவே இல்லையே என்கிறார். சரி, கனவு கண்டிருப்பேன் என்று சமாளிக்கிறான். பின்னாலேயே வரும் மிஸ் பேட்ஸ், அப்படி ஒரு பேச்சு உண்மையிலேயே இருந்தது, பெர்ரியின் மனைவியே அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார், எங்களுக்கும் கோல் குடும்பத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று நீட்டி முழக்குகிறார். அப்படியானால் அவனுக்கு யார் எழுதியிருப்பார்கள்? எம்மாவின் குடும்ப நண்பர் நைட்லி மட்டும் ஜேனைத் திரும்பிப் பார்க்கிறார். மற்ற எல்லோருக்கும் அது வழக்கமான வளவளா.

இன்னொன்று. இந்த நாவலைப் பற்றித் தெரிந்தவர்கள் சொன்ன கருத்துகளை ஆஸ்டன் தாமே ஒரு தாளில் குறித்துவைத்திருக்கிறார். சுவாரஸ்யமாக இல்லை என்று கேள்விப்பட்டு முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்த ஒரு மனிதரும் அந்தப் பட்டியலில் உண்டு!

* * *

உங்கள் இரண்டு பேரையும் போல இல்லை, எனக்கு 'எம்மா' பாதியில் நின்றுவிட்டது. மிஸ் பேட்ஸின் பேச்சு எனக்கும் தாங்கவில்லை, ஒளிப்பானேன். நான் ஆஸ்டனிடம் விழுந்தது 'பெர்சுவேஷன்' நாவலில். அதன் முடிவை அவர் 1816 ஜூலை 18 அன்று எழுதி முடித்து, பிடிக்காமல், ஆகஸ்ட் 6-க்குள் மாற்றி எழுதினார். பழைய வடிவத்தில் அக்கா கணவர் ஆட்மிரல் கிராஃப்ட் தள்ளிவிட, கடற்படைக் கேப்டன் வென்ட்வொர்த் தான் முன்பு பிரிந்த காதலி ஆனிடம் ஒரு கேள்வி கேட்கப் போய், இரண்டு பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். சப்பென்று இருக்கும். புதியதில் பாத் நகர விடுதி அறை. ஆனும் வென்ட்வொர்த்தின் நண்பர் ஹார்வில்லும் ஜன்னலோரம் நின்று, பிரிந்த பிறகும் நெடுநாள் நேசிப்பது ஆணா பெண்ணா என்று வாதாடுகிறார்கள். வென்ட்வொர்த் சற்றுத் தள்ளிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் பேனா கீழே விழுகிறது. அந்தச் சின்னச் சத்தத்தில், அவர் அவ்வளவு பக்கத்தில் இருப்பது ஆனுக்கு உறைக்கிறது. தன் பேச்சு அவர் காதில் விழுந்திருக்குமோ? நேரில் ஒரு வார்த்தை பேசாமல், அந்த மேஜையிலேயே வேறொரு கடிதம் எழுதி அவளுக்கு வைத்துவிட்டுப் போகிறார்.

அந்தப் பழைய முடிவான இரண்டு அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர் அச்சுக்கென்று எழுதி முடித்த நாவல்களில் கையெழுத்தில் மிஞ்சியது அது மட்டும்தான். அச்சிலும் பல பதிப்புகளின் பின்னிணைப்பாகக் கிடைக்கிறது. புதிய அத்தியாயத்தைப் படித்த கையோடு பழையதையும் படியுங்கள்.