பெர்லினில் முகவரிப் பதிவு: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தம் கோயம்புத்தூரிலிருந்து பெர்லினுக்கு வந்து 10 நாட்கள் ஆகின்றன. நொய்கோல்ன் பகுதியில் உள்வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். குடியேறிய 2 வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும், அதற்கு நாம் குடியேறியதை உறுதிசெய்து வீடு கொடுத்தவர் கையொப்பமிட்ட சான்று தேவை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அறையை எனக்கு வாடகைக்கு விட்டவர், பேசியபோது சரியென்று தலையாட்டிவிட்டு, முன்பணம் வாங்கியபின் அச்சான்றைத் தர மறுக்கிறார். பதிவு நடந்தால்தான் வரி அடையாள எண் அஞ்சலில் வரும். அது கிடைக்கத் தாமதமானால் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்கப்படுமோ என்பதே என் பெரிய கவலை. முகவரிப் பதிவு அலுவலகத்தில் முன்பதிவு கிடைப்பது குதிரைக்கொம்பு. பலமுறை முயன்று, நகரின் மறுகோடியான ஷ்பாண்டாவில் வரும் வியாழக்கிழமைக்கு ஒரு நேரம் வாங்கியிருக்கிறேன்.

சான்று தருவது சட்டப்படி அவருடைய கடமை என்பதை, அறையும் பறிபோகாத வகையில் அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது? அவர் இணங்காவிட்டால், வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துச்சென்று, அவர் மறுத்ததை அலுவலகத்திலேயே தெரிவித்தால் பதிவு செய்வார்களா, அல்லது திருப்பி அனுப்பிவிடுவார்களா? ஜெர்மன் மொழி எனக்கு இன்னும் எழுத்துக்கூட்டும் அளவில்தான் இருப்பதால், இந்நிலையைக் கடந்து வந்தவர்கள் அங்கே என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.