பெங்களூருவில் பார்த்த பெரணிகள்: ஒன்றுபோல் இருப்பவற்றை எப்படிப் பிரித்தறிந்தீர்கள்?

மல்லேஸ்வரம் மாடித்தோட்டம்:

எங்கள் தெருவில் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய மதில் ஒன்று இருக்கிறது. மழைக்காலம் வந்தால் விரிசல் முழுக்கப் பெரணிதான் (ஃபெர்ன்). பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தொட்டியில் வளர்க்கும் நெஃப்ரோலெப்பிஸ் என்றே சொல்கிறார்கள். ஆனால் இலையைத் திருப்பினால் விளிம்பு உள்பக்கமாக மடிந்து, அந்த மடிப்புக்குள் ஸ்போர்கள் (பெரணிக்கு விதைபோல் இருக்கும் தூள்) ஒரே கோடாக ஓடுவது தெரியும். அது டெரிஸ் விட்டாட்டா. நெஃப்ரோலெப்பிஸில் கோடு கிடையாது, தனித்தனிப் புள்ளிகள்தான். டெரிஸின் நுனியில் நீளமான ஒற்றைச் சிற்றிலை நிற்கும். நெஃப்ரோலெப்பிஸின் நுனியோ சுருண்டபடி வளர்ந்துகொண்டே போகும்.

டெரிஸ் விட்டாட்டா மண்ணிலுள்ள ஆர்சனிக் என்ற நச்சை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கிறது என்று 2001-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கீரைக்குப் போடும் உரத்தில் நான் அதைச் சேர்ப்பதே இல்லை.

லால்பாக் பக்கத்து நர்சரிகளில் நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியாவையும் எக்ஸால்டேட்டாவையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். மண்ணை லேசாகக் கிளறிப் பாருங்கள். கம்பிபோல் ஓடும் தண்டில் செதில் மூடிய உருண்டைக் கிழங்குகள் இருந்தால் அது கார்டிஃபோலியா. எக்ஸால்டேட்டாவுக்குக் கிழங்கு கிடையாது. கிழங்கு கண்ணில் படாவிட்டால் இலையின் நடுக்காம்பிலுள்ள செதில்களை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கார்டிஃபோலியாவில் செதில் வெளிறியும், அது ஒட்டியிருக்கும் இடம் மட்டும் கறுத்தும் இருக்கும். எக்ஸால்டேட்டாவில் முழுச் செதிலும் ஒரே நிறம்.

அல்சூர் அம்மா:

தம்பி, ஆரைக்கீரையும் பெரணிதான், அதை விட்டுவிடாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வரப்பில் பறித்துக் கூட்டு வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இங்கே சர்ஜாபூர் போகும் வழியில் ஓர் ஏரிக்கரையில் அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏரியில் சாக்கடை கலக்கிறது, அதனால் சமைக்கப் பறிக்கவில்லை.

கூட வந்த பெண் அதைப் புளியாரை என்றாள். புளியாரைக்கு மூன்று இலை, மஞ்சள் பூ. அது பெரணியே இல்லை. ஆரைக்கு நான்கு இலை, பூக்கவே பூக்காது. பல புத்தகங்களில் ஆரைக்கு மார்சிலியா குவாட்ரிஃபோலியா என்று பெயர் போட்டிருக்கும். நான் பார்த்தது மார்சிலியா மினூட்டா. தண்ணீர் வற்றிய பிறகு இலைக்காம்பின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும். மினூட்டாவில் கெட்டியான சிறு ஸ்போர் உறைகள், ஒவ்வொன்றும் தனிக் காம்போடு, காம்படியில் நெருக்கமாக மொய்த்திருக்கும். குவாட்ரிஃபோலியாவில் ஒரு காம்பு பிரிந்து இரண்டு மூன்று உறைகளைத் தாங்கும், அதுவும் இலைக்காம்பின் அடியிலிருந்து சற்று மேலே. இலையை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

இந்திராநகர் மீன்தொட்டி:

பெயர் மாறிப்போவதைப் பற்றி அம்மா சொன்னது தண்ணீரில் மிதக்கும் சால்வினியா என்ற பெரணிக்கும் பொருந்தும். மீன் கடையில் சால்வினியா மினிமா என்று விற்பதை வாங்கும்போது இலையின் மேல்பக்க முடிகளைப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. மினிமாவில் முடிகளின் கிளைகள் நுனியில் பிரிந்து விரிந்திருக்கும். அதன் இன்னோர் இனமான சால்வினியா மோலெஸ்டாவில் அவை நுனியில் மறுபடி ஒன்றுசேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பிக் கருவிபோல் இருக்கும். மோலெஸ்டா ஏரிக்குள் போனால் தண்ணீரே தெரியாமல் மூடிவிடும். கேரளத்து வயல்களும் காயல்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அங்கே இதை ஆப்பிரிக்கன் பாயல் என்பார்கள்.

பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்கு என்ன விலை என்பதற்கு இந்தச் செடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நெடுங்காலம் இதை சால்வினியா ஆரிகுலாட்டா என்றே நினைத்திருந்தார்கள். அதனால் ஆரிகுலாட்டாவைத் தின்னும் பூச்சிகளை டிரினிடாடிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவற்றால் இது அடங்கவில்லை. 1972-இல் மிட்செல் என்பவர் இது தனி இனம் என்று பெயரிட்டார். 1978-இல் தென்கிழக்கு பிரேசிலில் இதன் தாயகம் தெரிந்தது, அங்கே இதைத் தின்னும் கூன்வண்டும் கிடைத்தது. அந்த வண்டையும் முதலில் வேறோர் இனம் என்றே எண்ணினார்கள். 1985-இல்தான் அதற்கு சிர்டோபேகஸ் சால்வினியே என்று தனிப்பெயர் வந்தது.

இந்தியாவில் அந்த வண்டை முதன்முதலாக விட்டது நம் பெங்களூருவில்தான், 1983-84-இல், ஓர் அல்லிக்குளத்தில். ஓராண்டுக்குள் அந்தக் குளத்துச் சால்வினியா ஒடுங்கிவிட்டது. பிறகு வண்டு கேரளத்துக்குப் போனது. இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ராஜாஜிநகர் ஆசிரியர்:

நான் மாணவர்களுக்குக் காட்டுவது வடிகால் ஓரத்தில் முளைக்கும் கிறிஸ்டெல்லா என்ற பெரணி. அதன் இனங்களான டென்டாட்டா, பாராசிட்டிகா இரண்டும் பார்வைக்கு ஒன்றேதான். காம்பின் கீழ்ப்பகுதிக்குப் போங்கள். டென்டாட்டாவில் கீழ்ச் சிற்றிலைகள் இறங்க இறங்கச் சிறுத்துக்கொண்டே வரும். பாராசிட்டிகாவில் அப்படிச் சிறுக்காது, கடைசி ஜோடி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். பிறகு பத்து மடங்கு லென்ஸ்: பாராசிட்டிகாவின் அடிப்பக்க நரம்புகளில் செம்மஞ்சள் சுரப்பிகள் பளிச்சிடும். ஒரு மாணவி அதைப் பார்த்துவிட்டு லென்ஸைத் திருப்பித் தரவே மறுத்துவிட்டாள்.

இங்கே படம் போடுகிறவர்கள் தயவுசெய்து இலை நுனியோடு நிறுத்தாதீர்கள். அடிப்பக்கம், காம்பின் கீழ்ப்பகுதி, தண்டு மூன்றும் வேண்டும். மல்லேஸ்வரம் நண்பரே, உங்கள் மதிலில் அடியந்தம் (கறுத்த மெல்லிய காம்புள்ள பெரணி) ஏதாவது முளைத்திருந்தால் அதையும் இப்படி எடுத்துப் போடுங்கள்.