குழந்தை உழைப்பு இல்லாத சாக்லேட்: எதை நம்பி வாங்குவது?

வணக்கம். குழந்தைகளை வேலை வாங்காத தோட்டங்களின் கோகோவில் செய்த சாக்லேட்டை மட்டுமே வாங்க நினைக்கிறேன். எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானாவிலிருந்து வருகிறது. அங்கே தோட்டங்களில் குழந்தைகளை வேலை வாங்கும் கொடுமையை ஒழிப்பதாகப் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் 2001-லேயே கையெழுத்திட்டன. ஆனால் 2020-ல் வந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வின்படி, அங்கே சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் இந்த வேலையில் இருந்தார்கள். மனசு ஆறவில்லை.

ஃபேர்டிரேட், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற சான்றளிக்கும் அமைப்புகளின் முத்திரை பார்த்து வாங்கினேன். அப்புறம் உறையின் பின்னால் பொடி எழுத்தில் ‘மாஸ் பேலன்ஸ்’ என்று இருந்தது. அதாவது, முத்திரைக் கோகோவும் மற்றதும் ஆலையில் கலக்கலாம். கணக்கில் அளவு சரியாக இருந்தால் போதும். ஒரு நிறுவனத்துக்கு எழுதியும் கேட்டேன். “பொறுப்புடன் கொள்முதல் செய்கிறோம்” என்று ஒரே வரியில் பதில் வந்தது, எந்த நாட்டுக் கோகோ என்றுகூட இல்லை.

விவசாயிகள் சங்கத்தின் பெயரையும் அவர்களுக்குக் கொடுத்த விலையையும் வெளியிடும் தயாரிப்பாளர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?