12 சென்ட் கொல்லைக்கு பேட்டரி புல்வெட்டி தேவையா?

கோரையாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் வீடு. கொல்லை 12 சென்ட். நாலு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் கிளுவையும் பூவரசும். ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டால் போதும், புல் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. சம்பா நடவு நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அரை நாள் வேலைக்கு முழு நாள் கூலி. அப்பாவுக்கு 70 வயது, அரிவாளோடு குனிந்தால் நிமிர முடியவில்லை. கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. ஆன்லைனில் "48 வோல்ட்" புல்வெட்டி இரண்டு பேட்டரியோடு 3,200, கைக்கு அடக்கமான மினி செயின் சா (சங்கிலி ரம்பம்) 2,400. இரண்டையும் வாங்கிவிடலாமா?

பட்டறை வீட்டுப் பிள்ளை:
வேண்டாம் அண்ணா. பெயரிலேயே கோரையை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா? கோரைக்குக் கிழங்கு மண்ணுக்குள். மேலே மேலே சீவினால் பத்து நாளில் திரும்ப நிற்கும். மண் ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியால் கொத்திக் கிழங்கைப் பொறுக்கினால்தான் குறையும். நானும் இந்த மாதிரி ஒன்று வாங்கினேன். மூன்றாம் மாதம் பேட்டரி படுத்துவிட்டது. விற்றவரைக் கேட்டால் வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தானாம், அந்த பேட்டரியும் இப்போது வருவதில்லையாம். மிஷின் பரணில் கிடக்கிறது.

மன்னை அக்கா:
தம்பி, கோரையை ஒழிக்க யார் கேட்டார்கள்? கொல்லையில் கால் வைக்க வழி வேண்டும் என்றுதான் கேட்கிறார். நான் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். போன கார்த்திகையில் கிணற்றடிப் புல்லில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. கைக்கும் புல்லுக்கும் நடுவில் மிஷினின் நாலடிக் குழாய் இருந்ததால் தப்பித்தேன். அரிவாளோடு உட்கார்ந்திருந்தால் என் கை அதன் முகத்துக்கு நேரே இருந்திருக்கும். இதற்கு உங்கள் பட்டறையில் என்ன பதில்?

பட்டறை வீட்டுப் பிள்ளை:
பூட்ஸ் போட்டு, கழியால் தட்டிவிட்டு இறங்க வேண்டியதுதான் அக்கா. எங்கள் தாத்தா அதுகூட இல்லாமல்தான் அறுத்தார்.

மன்னை அக்கா:
உங்கள் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகாதது அவருடைய அதிர்ஷ்டம்.

வோல்ட் மீட்டர்:
பாம்பை விடுங்கள், அந்த 48 வோல்ட்டுக்கு வருவோம். லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18. முழுதாக ஏறியதும் ஒரு செல் 4.2 காட்டும், அப்போது மொத்தம் 21. அதனால் 18, 20, 21 என்று எதைப் போட்டிருந்தாலும் உள்ளே வரிசையில் அதே ஐந்து செல்தான். மலிவு மிஷின்களில் 48, 88 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதே ஐந்துதான் இருந்தது.

பார்க்க வேண்டியது ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. புல்வெட்டி மோட்டார் 200 வாட் இழுத்தால் 11 நிமிடத்தில் நின்றுவிடும். 4 ஆம்பியர்-மணி என்றால் இருமடங்கு நேரம். ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் உட்காராது என்பதையும் மறக்காதீர்கள். இன்று ஒரு பேட்டரி வாங்கினால் நாளைக்கு டிரில்லும் அந்தக் கம்பெனியில்தான் வாங்குவீர்கள்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
11 நிமிடம்! 12 சென்ட்டில் ஒரு தென்னையைச் சுற்றுவதற்குள் முடிந்துவிடும்.

மன்னை அக்கா:
ஒரே மூச்சில் ஏன் வெட்ட வேண்டும்? காலையில் ஒரு பேட்டரி, சாயங்காலம் ஒன்று. முழங்கால் வரை விடாமல் கணுக்காலிலேயே சீவினால் மோட்டாரும் திணறாது. ஒரு தப்பு நானும் செய்தேன், சொல்லிவிடுகிறேன். மிஷினில் சுழன்று புல்லை வெட்டும் நைலான் நரம்பு கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டது. ஒரு மாதத்தில் கன்று பட்டுப்போனது. இப்போது கன்றுகளைச் சுற்றி ஒரு அடிக்குக் கையால்தான் பிடுங்குகிறேன். அப்புறம், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தொடவே கூடாது, கல் தெறிக்கும்.

பட்டுக்கோட்டைத் தென்னை:
2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவில் கிடந்த மரத்தை பெட்ரோல் செயின் சாவும் கோடரியும்தான் அறுத்தன. அன்றைக்கு உங்கள் பேட்டரி என்ன செய்திருக்கும்? டெல்டாவில் இருப்பவன் கரண்ட்டை நம்பி ஆயுதம் வாங்கக் கூடாது.

வோல்ட் மீட்டர்:
புயலில் சாய்ந்த தென்னைக்கு இந்தக் குட்டி மிஷினை யாரும் சிபாரிசு செய்யவில்லையே சார். வீட்டுக் கொல்லைக்கு பெட்ரோல் பிரஷ் கட்டர் (பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி) கனமும் சத்தமும் அதிகம், பலவற்றில் பெட்ரோலோடு எண்ணெய் வேறு அளந்து கலக்க வேண்டும். மற்றபடி மழைக்கால கரண்ட் கட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டரே போதும், சிறிய சார்ஜர் பெரிதாக இழுக்காது. எனக்கு மழையை விடக் கத்திரி வெயில்தான் கவலை. தகரக் கொட்டகையில் பேட்டரியை வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் செல் கெடும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டுவதும் அப்படித்தான். மாதக்கணக்கில் சும்மா இருக்கப் போகிறதென்றால் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைக்கலாம். பட்டறைத் தம்பி, உங்களுடையது எங்கே இருந்தது?

பட்டறை வீட்டுப் பிள்ளை:
மாட்டுக் கொட்டகையில். மேலே தகரம்தான்.

வோல்ட் மீட்டர்:
அப்புறம் விற்றவரை மட்டும் திட்டினால் எப்படி!

கோரையாற்றங்கரை:
மினி செயின் சா பற்றி யாருமே சொல்லவில்லையே?

பட்டுக்கோட்டைத் தென்னை:
தென்னை மட்டைக்கும் வாழைக்கும் அது ஆகாது. நார் சங்கிலியில் சுற்றிக்கொள்ளும், பிரித்தெடுப்பதற்குள் பொழுது போய்விடும். முருங்கைக் கிளைக்கு வெட்டரிவாளே போதும்.

வோல்ட் மீட்டர்:
பூவரசுக் கிளைக்கு நன்றாகவே இருக்கும், கை தடிமன் வரை. ஆனால் மலிவானதில் சங்கிலிக்கு எண்ணெய் தானாக வராது, நாமே விட வேண்டும். ஒற்றைக் கையால் பிடித்தால் நுனி கட்டையில் பட்டு முகத்துக்கு எகிறும். ஏணியில் நின்று தொடவே தொடாதீர்கள். அப்பா எடுப்பார் என்றால் வாங்க வேண்டாம்.

கோரையாற்றங்கரை:
கட்டாயம் எடுப்பார். அதனால் செயின் சாவை விட்டுவிட்டேன். 48 வோல்ட்டும் வேண்டாம். தஞ்சாவூர் போய், பேட்டரி தனியாகக் கிடைக்கும் கம்பெனியாகக் கேட்டு, 4 ஆம்பியர்-மணியில் ஒரு புல்வெட்டி மட்டும் வாங்கிக்கொள்கிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று கேட்கிறார்: மாட்டுக்கும் இதிலேயே புல் அறுக்கலாமா?

மன்னை அக்கா:
கூடாது. நரம்பு புல்லை அறுக்காது, சிதைத்து எறியும். நைலான் துணுக்கும் அதில் கலந்துவிடும். மாட்டுக்கு அரிவாள்தான்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:
அக்கா, இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.