தாத்தா சதாபிஷேகம் – திருக்கடையூர் 🙏

கோமதி: வீடியோக்காரர் சனிக்கிழமைக்குள்ள பழைய போட்டோ எல்லாம் கேக்கிறார். அப்பாவோட அறுபதாம் கல்யாண ஆல்பம் யார்கிட்ட இருக்கு?

ரவி: உன்கிட்டதானக்கா இருந்துச்சு

கோமதி: ஸ்கேன் பண்ணணும்னு பெரியண்ணன் வாங்கிட்டுப் போனார்

சரோஜா: அப்பவே திருப்பிக் குடுத்தாச்சு கோமதி. பேசி முடிச்ச விஷயம்

கோமதி: நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணி

முத்து: ஸ்கேன் பண்ணது எல்லாம் அப்பா லேப்டாப்ல இருக்கு அத்தை. அது ஆன் ஆகல. கடையில போர்டு போச்சுன்னுட்டான்

சுந்தரம்: இனிய காலை வணக்கம் 🌹

கோமதி: ராத்திரி எட்டு மணிக்கா?

சுந்தரம்: காலைல அனுப்பினது. இப்பதான் போகுது

செந்தில்: போர்டு போனா போட்டோ போயிடாது மச்சான். உள்ள எஸ்எஸ்டி, அதான் ஃபைல் எல்லாம் சேமிக்கிற பாகம், தனியாத்தான் இருக்கும். பின்மூடியக் கழட்டிப் பாருங்க, சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு சின்னப் பலகை, ஒரே ஒரு ஸ்க்ரூவுல நிக்கும். அத எடுத்து வெளிய ஒரு கேஸ்ல போட்டா பென்டிரைவ் மாதிரி எந்தக் கம்ப்யூட்டர்லயும் சொருகிக்கலாம். ஆனா கேஸ் வாங்கறதுக்கு முன்னாடி அது எந்த வகைன்னு தெரியணும். யாரும் அவசரப்பட்டு வாங்கிடாதீங்க

ரவி: நான் வாங்கிட்டேன். ரிச்சி தெருவுல. 350 ரூபா

செந்தில்: மாமா

செந்தில்: போட்டோ போடுங்க

ரவி: 📷

செந்தில்: இது ரெண்டரை இன்ச் கேஸ் மாமா. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு. இதுக்குள்ள அந்தப் பலகை உக்காராது

ரவி: கடைக்காரன் எஸ்எஸ்டிக்குன்னுதான் குடுத்தான்

செந்தில்: அதுவும் பொய் இல்ல. ரெண்டரை இன்ச்லயும் எஸ்எஸ்டி வருது. நம்மளது எம்.2, நான் சொன்ன அந்தப் பட்டை மாதிரி வகை

பிரியா: அப்பா நீங்க எனக்கு வாங்கின சார்ஜர் கதை 😂

ரவி: நீ படிக்கிற வேலையப் பாரு

முத்து: 📷 கழட்டிட்டேன். இதானே?

ரவி: பாதிதான் இருக்கு! உடைச்சிட்டியா?

செந்தில்: உடையல. முத்து மச்சான், ஸ்கேல் வெச்சு நீளம் பாருங்க

முத்து: 4.2 செ.மீ.

செந்தில்: அப்போ 2242. அகலம் 22 மில்லி, நீளம் 42 மில்லி, ரெண்டையும் சேர்த்து எழுதறதுதான் அந்த நம்பர். கடையில அதிகமா இருக்கிறது 2280, அது நம்மளதப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளம். அதனால கேஸ்ல 2242-க்கும் ஓட்டை இருக்கான்னு கேட்டு வாங்கணும். இல்லன்னா ஸ்க்ரூ போட இடம் இருக்காது. அடுத்தது, தங்கக் கலர் பல்லுல எத்தனை வெட்டு இருக்கு?

முத்து: ஒண்ணு

செந்தில்: ஸ்டிக்கர்ல என்விஎம்இ-ன்னு இருக்கா?

முத்து: பிசிஐஇ என்விஎம்இ 256 ஜிபி

செந்தில்: 👍 தெளிவாயிடுச்சு. என்விஎம்இ, சாட்டா ரெண்டும் எஸ்எஸ்டி கம்ப்யூட்டரோட பேசற ரெண்டு வழி. ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா. சாட்டா மட்டும் எடுக்கிற கேஸ்ல நம்ம பலகையப் போட்டா கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியாது, பலகையும் போச்சுன்னு நினைச்சுக்குவோம். ரெண்டையும் எடுக்கிற கேஸும் வருது, உள்ள ரியல்டெக் 9210பி சிப் இருக்கும். என்விஎம்இ மட்டும் போதும்னா 9210, இல்ல ஏஎஸ்மீடியா 2362. எல்லாம் 10 ஜிபிபிஎஸ் வேகம்தான், நொடிக்கு ஆயிரம் எம்பி பக்கம் வரும். மேல அலுமினியமா இருக்கணும், உள்ள ஒட்டறதுக்கு சூட்டைக் கடத்தற தெர்மல் பேட் குடுத்திருக்கணும். பிளாஸ்டிக்னா சூடு வெளிய போகாது, பாதி காப்பி ஆகும்போதே வேகம் விழுந்துடும்

கோமதி: சரி

சுந்தரம்: ம்

சரோஜா: எனக்கு ஒண்ணும் புரியல. போட்டோ வருமா வராதா?

செந்தில்: வரும் அத்தை

பிரியா: 20, 40 ஜிபிபிஎஸ் கேஸ்லாம் வருதே செந்தில் அத்தான்?

செந்தில்: வருது. 20 நம்ம வீட்டு லேப்டாப் எதுலயும் இருக்காது, அதுல சொருகினாலும் 10-லதான் ஓடும். 40 நல்ல ஐட்டம், ஏஎஸ்எம்2464 சிப், யூஎஸ்பி4. விலை அதிகம். ஆனா வாங்கி வெச்சா பின்னாடியும் உதவும்

முத்து: யாருக்கு உதவும்?

பிரியா: 😂😂

கோமதி: தாத்தா பேரச் சொல்லி இவன் தனக்கு வாங்கிக்கப் பாக்கிறான்

செந்தில்: சரி சரி, 10 போதும்

ரவி: நாளைக்கு ரிச்சி தெருவுல இத மாத்திட்டு வர்றேன். முத்து, நீ பலகையச் சென்னைக்கு கூரியர் போட்டுடு. பிரியா லேப்டாப்ல எடுத்துடலாம்

சரோஜா: அது கும்பகோணத்த விட்டு எங்கயும் போகாது

ரவி: அண்ணி, நான் என்ன தின்னுடவா போறேன்

சரோஜா: லேப்டாப் யாருக்குன்னு காரியத்தன்னிக்கே பேச ஆரம்பிச்சது யாரு ரவி?

முத்து: அம்மா விடுங்க. சித்தப்பா, நீங்க கேஸ அனுப்புங்க, நான் இங்கயே எடுக்கிறேன்

சுந்தரம்: வேன் 12 சீட்டா 17 சீட்டா?

செந்தில்: முக்கியமான விஷயம். சொருகினதும் விண்டோஸ் "ஃபார்மேட் பண்ணவா"ன்னு கேட்டா வேண்டாம்னு குடுங்க. கைதவறி ஆமான்னு அமுக்கிட்டா அப்புறம் மீட்கிறது பெரிய பாடு. பூட்டுப் படம் காட்டி 48 இலக்க நம்பர் கேட்டா பயப்படாதீங்க, அது பிட்லாக்கர், டிஸ்க்கப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. இப்ப வர்ற லேப்டாப்ல நமக்குத் தெரியாமலேயே ஆன் ஆகியிருக்கும். அந்தச் சாவி நம்பர் அனேகமா பெரிய மாமாவோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். அதுக்குள்ள போக பாஸ்வேர்டு வேணும், ஓடிபி அவர் நம்பருக்கு வரும். அந்த சிம் இப்ப இருக்காது, அதான் யோசிக்கிறேன்

சரோஜா: இருக்கு

சரோஜா: அந்த நம்பர நான் விடல. ரீசார்ஜ் பண்ணிட்டுதான் இருக்கேன்

முத்து: எனக்கே சொல்லலையேம்மா

பிரியா: பெரியம்மா ❤️

சரோஜா: பாஸ்வேர்டு அவர் டைரியில கடைசிப் பக்கம் எழுதியிருப்பார். பீரோல இருக்கு. யார் யாருக்கு எவ்வளவு குடுத்தார்னு எழுதினதும் அதே பக்கம்தான்

ரவி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி: என்னடா அழிச்ச?

ரவி: தப்பா டைப் ஆயிடுச்சு

ரவி: அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து குரூப்ல போட வேண்டாம். பாஸ்வேர்டு எல்லாம் வெளிய தெரியக்கூடாது. பாதுகாப்பு முக்கியம்

கோமதி: பாஸ்வேர்டுக்காகத்தான் சொல்றியா 😄

சுந்தரம்: 17 சீட்னா ஏசி தனி ரேட் சொல்றான்

முத்து: செந்தில், என் ஆபீஸ் கம்ப்யூட்டர் பழசு. முன்னாடி கறுப்பு யூஎஸ்பிதான் இருக்கு

செந்தில்: கறுப்புன்னா யூஎஸ்பி 2-ஆ இருக்கும். அதுல நொடிக்கு 35, 40 எம்பி வந்தாலே பெரிசு. போட்டோ எத்தனை ஜிபி?

முத்து: 60 இருக்கும்

செந்தில்: அரை மணி நேரம் ஆகும். பரவால்ல. நீலக் கலர் ஓட்டை இருந்தா அதுல சொருகுங்க, சில நிமிஷத்துல முடிஞ்சுடும். காப்பி ஆனதும் படக்குன்னு உருவாதீங்க, எஜெக்ட் குடுத்துட்டு எடுங்க

ரவி: அக்கா, இந்த 350-ஐ அவன் திருப்பித் தரலைன்னா பொதுச் செலவுல எழுதிக்கலாமா?

கோமதி: எழுதிக்கோ. டைரியில

ரவி: 😐

முத்து: அப்போ கேஸ் சித்தப்பா வாங்கறாரா, நான் ஆன்லைன்ல போட்டுடவா? ஆன்லைன்னா 1,450 காட்டுது, வியாழன் வரும்

செந்தில்: 2242, என்விஎம்இ, அலுமினியம். மூணும் இருந்தா யார் வாங்கினாலும் சரி

ரவி: நானே வாங்கறேன். காலைல கிளம்பறேன்

முத்து: எதுக்கும் நானும் ஒண்ணு போட்டு வெக்கிறேன் சித்தப்பா. ரிட்டர்ன் இருக்கு

ரவி: என் மேல நம்பிக்கை இல்லன்னு நேரா சொல்லு

சரோஜா: ரெண்டு பேரும் வாங்குங்க. சுந்தரம் அண்ணா, 17 சீட்டே சொல்லிடுங்க. பெரியவருக்குக் கால் நீட்ட இடம் வேணும்

சுந்தரம்: 12 சீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனே