900 கேபி படம், 132 எம்பி பிட்மேப்: புதிய கைபேசியில் மட்டும் செயலி முடங்குகிறது

புதுநிரலர்:
வணக்கம். என் ஆண்ட்ராய்டு செயலியின் முதல் திரைக்கு ஒரு பின்னணிப் படம் வைத்திருக்கிறேன். 1440 × 2560 பிக்சல், ஜேபெக், 900 கேபிதான். பழைய 160 டிபிஐ (அங்குலத்துக்கு 160 புள்ளி) டேப்லெட்டில் ஒழுங்காக ஓடுகிறது. ராம் பல மடங்கு அதிகமுள்ள 480 டிபிஐ கைபேசியிலோ திறந்தவுடன் முடங்குகிறது. திரையில் வரையும் கேன்வாஸ் மிகப் பெரிய பிட்மேப்பை (நினைவகத்தில் விரிந்த படத்தை) வரைய முயல்வதாகவும் அதன் அளவு 132710400 பைட் என்றும் பிழைச்செய்தி வருகிறது. செயலியின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில், கூடுதல் நினைவகம் கேட்கும் லார்ஜ்ஹீப் சேர்த்தும் பயனில்லை.

திண்ணை:
படம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது?

புதுநிரலர்:
வெறும் ட்ராவபிள். ஒரே படம்தானே என்று வேறு கோப்புறை எதையும் உருவாக்கவில்லை.

திண்ணை:
சிக்கல் அங்கேதான். 900 கேபி என்பது சுருக்கிய கோப்பின் அளவு, அதை மறந்துவிடுங்கள். திரையில் வரைய வேண்டுமென்றால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் படம் விரிய வேண்டும். 1440 × 2560 × 4, அதாவது 14.7 எம்பி. டேப்லெட்டில் அத்தோடு முடிந்தது. ஆனால் டிபிஐயைக் குறிக்கும் பின்னொட்டு பெயரில் இல்லாத ட்ராவபிளில் கிடக்கும் படத்தை 160 டிபிஐ திரைக்கானது என்றே ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளும். 480 டிபிஐ கைபேசியில் அகலத்தையும் உயரத்தையும் மும்மடங்காக்கிவிடும். 4320 × 7680 × 4 என்று பெருக்கிப் பாருங்கள், பிழைச்செய்தியில் வந்த எண்ணே வரும். பெரும்பாலான கைபேசிகளில் 100 எம்பியைத் தாண்டிய பிட்மேப்பைக் கேன்வாஸ் வரைய மறுக்கும், ராம் எவ்வளவு இருந்தாலும் சரி. லார்ஜ்ஹீப் உயர்த்துவது ஜாவா ஹீப்பின் (நிரலின் ஜாவா பொருள்கள் இருக்கும் நினைவகத்தின்) வரம்பை. ஆண்ட்ராய்டு 8 முதல் பிட்மேப்பின் பிக்சல்கள் அங்கே இருப்பதே இல்லை.

படத்தை ட்ராவபிள்-நோடிபிஐ கோப்புறைக்கு மாற்றுங்கள். அங்கே இருக்கும் படத்தை எந்தத் திரைக்காகவும் ஆண்ட்ராய்டு பெரிதாக்காது.

அரைப்புள்ளி:
பிக்சலுக்கு 2 பைட் மட்டும் எடுக்கும் ஆர்ஜிபி 565 வடிவத்தில் ஏற்றினால் பாதியாகக் குறையுமே? 66 எம்பிதான், கேன்வாஸ் மறுக்காது.

திண்ணை:
மறுக்காது. ஆனால் ஒரு பின்னணிப் படத்துக்கு 66 எம்பியா? போதாக்குறைக்கு வானம், நிழல் போன்ற இடங்களில் நிறம் பட்டை பட்டையாகத் தெரியும்.

புதுநிரலர்:
நோடிபிஐக்கு மாற்றினேன், திறக்கிறது. மிக்க நன்றி. அடுத்த திரையில் பயனர் கேலரியிலிருந்து 4000 × 3000 ஒளிப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதற்கும் இதே வழிதானா?

திண்ணை:
இல்லை. அங்கே பெருக்கம் எதுவும் நடப்பதில்லை, படமே 48 எம்பி. முதலில் இன்ஜஸ்ட்டீகோட்பவுண்ட்ஸ் கொண்டு அளவை மட்டும் படியுங்கள். பிக்சல்கள் நினைவகத்தில் ஏறாது. பிறகு இன்சாம்பிள்சைஸ் 4 கொடுத்தால் அகலமும் உயரமும் நான்கில் ஒன்றாகி 1000 × 750, வெறும் 3 எம்பி. 2, 4, 8 என்றே கொடுங்கள். 3 கொடுத்தால் 2 என்று எடுத்துக்கொள்ளும் என்கிறது ஆவணம்.

பட்டியலில் பல படங்கள் காட்டுவதென்றால் படங்களை ஏற்றித் தரும் கிளைடு அல்லது காயில் நிரல் நூலகத்திடம் விட்டுவிடுங்கள்.

அரைப்புள்ளி:
ஒன்று சேர்க்கிறேன். அளவைப் படித்ததும், படக் கோப்பைப் படிக்கத் திறந்த இன்புட் ஸ்ட்ரீம் தீர்ந்துவிடும். இரண்டாம் முறை புதிதாகத் திறக்காவிட்டால் பிட்மேப்புக்குப் பதில் நல் (வெற்று மதிப்பு) கிடைக்கும். நினைவகக் கோளாறு என்று நினைத்து வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.